கூரை மேல் ஒரு ஊர்

வணக்கம்.

ஜப்பானில் ஷிராகவாகோ என்ற மலைக்கிராமத்தில் ஊரே திரண்டு ஒரு வீட்டுக்குக் கூரை வேயும் வீடியோ பார்த்தேன். யாருக்கும் கூலி இல்லையாம். இவ்வளவு ஒற்றுமையா! எப்போது போனால் நேரில் பார்க்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

கூலி இல்லைதான், ஆனால் சும்மாவும் இல்லை. அந்த முறைக்கு ‘யுய்’ என்று பெயர். எந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நாள் வேலை செய்தார்கள், எவ்வளவு புல், எவ்வளவு கயிறு கொண்டுவந்தார்கள் என்று நம் மொய் நோட்டு மாதிரி எழுதிவைத்துவிடுவார்கள், வந்து உதவியவர்களின் முறை வரும்போது உதவி பெற்ற வீட்டார் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். ஒரு கூரை முப்பது நாற்பது வருடம் தாங்கும் என்பதால் அப்பா பட்ட கடனை மகன் அடைப்பதும் உண்டு. இதை நீங்கள் ஒற்றுமை என்கிறீர்கள், நான் கணக்கு என்பேன். கணக்கு இருந்ததால்தான் இத்தனை தலைமுறை நீடித்தது என்பது என் எண்ணம்.

வேலையும் தனிக்குடும்பம் செய்யக்கூடியது இல்லை. பனி வழுக்கி விழுவதற்காகக் கூரையைக் கிட்டத்தட்ட 60 டிகிரி சாய்வில் நிறுத்தியிருப்பார்கள், பிரித்துப் போட்டபின் மழை வந்தால் வீடு நாசம், அதனால் சட்டென்று முடிக்க வேண்டும். மேலே இருப்பவர் பெரிய ஊசியில் கயிறு கோத்துப் புல்லுக்குள் குத்தி இறக்குவார், உள்ளே பரணில் இருட்டில் நிற்பவர் அதை வாங்கி மரத்தைச் சுற்றித் திருப்பிக் குத்தி அனுப்புவார். எனக்கு அந்த உள்ளே நிற்கும் ஆளைத்தான் பிடிக்கும். எந்த வீடியோவிலும் அவர் முகம் வராது.

அந்தப் பரணில் முன்பு பட்டுப்புழு வளர்த்தார்கள். கீழே நாள்முழுக்க எரிந்த அடுப்பின் புகை மேலேறி, பூச்சி அண்டாமல் புல்லையும் கயிற்றையும் காத்தது. இப்போது அடுப்பு அணைந்துவிட்டது, கூரையின் ஆயுளும் குறைகிறது.

அப்புறம், 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்த ஊரில் இன்று பெரும்பாலான கூரைகளை அரசு மானியத்தோடு தொழில்முறை ஆட்கள்தான் வேய்கிறார்கள். விடுதியும் கடையும் நடத்துகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு ஏற முடியுமா? ஆனால் வீட்டை விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே என்று 1971இல் ஊரார் தாங்களே போட்ட கட்டுப்பாடு இருக்கிறது. தீப்பயத்தால் முறைவைத்து ரோந்தும் சுற்றுகிறார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பனி உருகியபின் வசந்தத்தில் போனால் கூரைவேலை கண்ணில் படலாம், யுய் முறையில் நடக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். புகைப்பழக்கம் இருந்தால், அதற்கென்று ஒதுக்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் பற்றவைத்துவிடாதீர்கள்.