‘டாக்டர் டெத்’ தொடர் உண்மைக் கதையா? அலட்சியத்துக்காக ஒரு டாக்டருக்கு ஆயுள் தண்டனை கிடைக்குமா?

உண்மைதான். 2021-இல் வந்த அந்தத் தொடரின் நாயகன் கிறிஸ்டோபர் டன்ட்ச், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டல்லாஸ் பகுதியில் முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்தவர். அவர் கத்தி வைத்த 30-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், இருவர் இறந்தே போனார்கள்.

தண்டனை விஷயம்தான் சுவாரஸ்யம். வெறும் அலட்சியம் என்றால் பெரும்பாலும் நஷ்டஈட்டு வழக்கோடு முடிந்துவிடும். அதனால் அரசுத் தரப்பு, எழுபது வயதைக் கடந்த ஒரு நோயாளியின் வழக்கைக் கையில் எடுத்தது. டெக்சாஸில் முதியவரைத் தெரிந்தே படுகாயப்படுத்தினால் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். ‘தெரிந்தே’ என்பதை எப்படி நிரூபிப்பது? முந்தைய நோயாளிகளுக்கு நேர்ந்ததையெல்லாம் சாட்சியமாக வைத்தார்கள்: விளைவு தெரிந்தும் மறுபடி கத்தியைத் தொட்டார் அல்லவா! 2017-இல் ஆயுள் தண்டனை. இத்தனைக்கும் ஒரு மருத்துவமனை அவரைச் சத்தமில்லாமல் ராஜினாமா செய்ய விட்டதால்தான் அடுத்த இடத்தில் வேலை கிடைத்தது.