வாட்ச் செயினை வீட்டிலேயே அளவு குறைக்கலாமா?

கேள்வி: பரிசாக வந்த கைக்கடிகாரத்தின் எஃகுச் செயின் எனக்கு மிகவும் தளர்வாக இருக்கிறது. கையை உயர்த்தினால் கடிகாரம் முழங்கையை நோக்கிச் சரிகிறது. கண்ணிகளை நானே கழற்றலாமா?

பதில்: தாராளமாகக் கழற்றலாம். ஆனால் கண்ணியில் கைவைப்பதற்கு முன் பூட்டைக் கவனியுங்கள். மடித்துப் பூட்டும் வகையாக இருந்தால், அதன் பக்கவாட்டில் பெரும்பாலும் இரண்டு மூன்று சிறு துளைகள் வரிசையாக இருக்கும். செயினின் முனையைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின்னைக் குண்டூசியால் உள்ளே அழுத்தி அடுத்த துளைக்கு நகர்த்தினாலே சில மில்லிமீட்டர் குறைந்துவிடும். பலருக்கு இதுவே போதுமானது. அந்தப் பின் துள்ளிப் பறந்துவிடும் என்பதால் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அழுத்துங்கள்.

அதற்கு மேலும் தளர்வாக இருந்தால், கடிகாரத்தை அணிந்து, அதன் முகம் மணிக்கட்டின் நடுவில் இருக்கும்படி வைத்து, பூட்டின் அருகே மிஞ்சும் செயினைக் கிள்ளிப் பிடித்து எத்தனை கண்ணிகள் கூடுதல் என்று எண்ணுங்கள். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். வெயிலிலும் உழைப்பிலும் மணிக்கட்டு சற்றுப் பருக்கும். ஆகையால் குளிர்ந்த காலை நேரத்தில் எடுத்த அளவை நம்பிக் கழற்றினால் மாலையில் செயின் இறுக்கும்.

செயினைத் திருப்பி உட்புறத்தைப் பார்த்தால், சில கண்ணிகளில் சிறிய அம்புக்குறி பொறித்திருக்கும். கழற்றக்கூடியவை அவை மட்டுமே. கண்ணிகளை இணைக்கும் பின்னை அம்பு காட்டும் திசையில்தான் தள்ள வேண்டும். எதிர்த்திசையில் அடித்தால் பின் இன்னும் இறுகிக்கொள்ளும், அல்லது கருவியின் முனை வளைந்துவிடும். இதற்கென்றே திருகிப் பின்னைத் தள்ளும் சிறு கருவி கிடைக்கிறது. பின்னைத் தட்டித் தள்ளும் மெல்லிய கம்பிமுனைக் கருவியும் சிறு சுத்தியலும் கொண்டும் செய்யலாம் என்றாலும், கண்ணியின் பளபளப்பில் கீறல் விழும் வாய்ப்பு அதில் அதிகம். பின் சற்று வெளியே வந்ததும் சிறு குறடால் பிடித்து இழுத்துவிடலாம்.

கண்ணியின் பக்கவாட்டில் திருகின் தலை தெரிந்தால், அதைத் தள்ளவே கூடாது. பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் நுண்ணிய திருப்புளியால் சுழற்றித்தான் எடுக்க வேண்டும். இதில் ஒரு குழப்பம் உண்டு. சில செயின்களில் உள்ள பின்களின் ஒரு முனை இரண்டாகப் பிளந்திருக்கும்; அந்த முனையிலும் மெல்லிய கோடு தெரியும். அதைத் திருகு என்று எண்ணித் திருப்புளியை வைத்துப் போராடுவோர் பலர். உட்புறத்தில் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்தாலே ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒரு கண்ணியை எடுக்க அதன் இரு முனைகளிலும் உள்ள பின்களைக் கழற்ற வேண்டும். இரண்டு கண்ணிகளை எடுப்பதானால் 12 மணிப் பக்கம் ஒன்றும் 6 மணிப் பக்கம் ஒன்றுமாக எடுங்கள்; இல்லாவிட்டால் பூட்டு கையின் அடிப்பக்கத்தில் நடுவே நிற்காது. ஒற்றைப்படையாக வந்தால், கூடுதலான ஒன்றை 6 மணிப் பக்கத்திலிருந்து எடுப்பது வழக்கம். மீண்டும் பொருத்தும்போது, பின்னின் பிளவில்லாத முனை முதலில் நுழையும்படி, அம்புக்கு எதிர்த்திசையில் செருகுங்கள்.

கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு வேலையைச் செய்யுங்கள்; அதற்குக் காரணம் உண்டு. சில செயின்களில் பின்னைச் சுற்றிக் கடுகளவு குழாய் ஒன்று கண்ணியின் நடுவே இருக்கும். பின்னைப் பிடித்து நிறுத்துவதே அந்தக் குழாய்தான். அது உருண்டு தொலைந்தால், பின் உள்ளே போன மாதிரி இருந்தாலும் ஒருநாள் நழுவிக் கடிகாரம் கீழே விழும். எடுத்த கண்ணிகளையும் பின்களையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: தோல் வாரில் கடைசித் துளையில் மாட்டியும் தளர்வாகவே இருக்கிறது. ஆணியால் துளையிடலாமா?

பதில்: வேண்டாம். ஆணி தோலை வெட்டுவதில்லை, விலக்கித் தள்ளுகிறது. நாளடைவில் அந்த இடத்திலிருந்து விரிசல் ஓடும். தோல் துளைக்கும் கருவியில் ஏற்கெனவே உள்ள துளையின் அளவுக்கு இணையான குழாயைத் தேர்ந்து, பழைய துளைகளின் இடைவெளியையே பின்பற்றி, உட்புறத்தில் குறியிட்டு, ஒரே அழுத்தில் துளையிடுங்கள். இரண்டுக்கு மேல் துளை தேவைப்பட்டால், கொக்கி ஒருபக்கமாக ஒதுங்கி வாரின் நுனி நீண்டு தொங்கும். அப்போது குட்டையான வார் வாங்குவதே நல்லது. கடிகாரத்தில் வார் பொருந்தும் இரு கொம்புகளுக்கு இடைப்பட்ட அகலத்தை மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். 18, 20, 22 ஆகியவை பரவலாகக் காணப்படும் அளவுகள்.

கேள்வி: வலை போன்ற பின்னல் செயினை எப்படிக் குறைப்பது?

பதில்: பெரும்பாலானவற்றில் எதையும் கழற்ற வேண்டியதில்லை. பூட்டின் உட்புறத்தில் உள்ள சிறு தகட்டைத் திருப்புளி முனையால் நெம்பித் தூக்கி, பூட்டை வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, தகட்டை மீண்டும் அழுத்தி மூடினால் போதும்.