டர்போ மாட்டி, பம்பில் டீசலையும் கூட்டிய டிராக்டருக்கு டைட்டானியம் வால்வு போடலாமா?

வேண்டாங்க. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் பெட்ரோல் ரேஸ் இன்ஜினில் எடையைக் குறைக்கப் போடுவது டைட்டானியம். உங்கள் டிராக்டர் 2,500 சுற்றைத் தாண்டினாலே அதிகம். உங்களுக்கு எதிரி எடை இல்லை, சூடு.

மன்னார்குடிப் பக்கம் லேத் பட்டறையில் ஹெட் (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) வேலை பார்க்கிறேன். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வரும் ஹெட்டுகளில் கருகியிருப்பது அநேகமாகப் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுதான். காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வை அந்தக் காற்றே ஆற்றிவிடும். அதற்கு 9% குரோமியம், 3% சிலிக்கன் உள்ள சில்குரோம் எஃகு போதும்.

எக்ஸாஸ்டுக்கு 21-4என் என்ற எஃகில் செய்த வால்வைக் கேளுங்கள். 21% குரோமியம், 4% நிக்கல், சுமார் 9% மாங்கனீசு, கொஞ்சம் நைட்ரஜன். டர்போ இருப்பதால் சீட்டில் (மூடும்போது வால்வு உட்காரும் ஹெட்டின் வளையம்) உட்காரும் முகத்தில் ஸ்டெல்லைட் என்ற சூடு தாங்கும் கோபால்ட் கலவை ஏற்றியதாக வாங்குங்கள். அதற்கும் மேலே நிமோனிக் 80ஏ இருக்கிறது. நிக்கல் கலவை, விலை கடிக்கும். நாற்று நடச் சேறடிக்கும் வண்டிக்கு அது தேவையே இல்லை என்பேன்.

கடையில் கொடுப்பது எதுவென்று சந்தேகமா? காந்தத்தை வைத்துப் பாருங்கள். சில்குரோமில் ஒட்டும், 21-4என்னில் ஒட்டாது. தண்டில் ஒட்டி, தலையில் ஒட்டாவிட்டால் பயப்பட வேண்டாம். இரண்டு உலோகத்தை உராய்வு வெல்டிங்கில் சேர்த்த வால்வு அது, நல்ல சரக்குதான்.

ஆனால் எந்த உலோகமானாலும், வால்வின் சூட்டில் பெரும்பங்கு சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குள் இறங்கி, அங்கிருந்து தண்ணீருக்குப் போகிறது. டேப்பட் இடைவெளி (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் சந்து) இறுகினால் வால்வு முழுசாக உட்காராது, சூடு இறங்க வழியில்லாமல் நிமோனிக்கும் கருகும். எக்ஸாஸ்ட் சீட்டை ரொம்பக் குறுகலாக வெட்டினாலும் இதே கதி. பெட்ரோலில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும்; டீசலில் தலைகீழ், காற்றுக்கு மிஞ்சி டீசல் போனால்தான் ஏறும். கரும்புகை வந்தால் பம்பைக் குறையுங்கள். வைக்கோல் தூசி அடைத்த ஏர் ஃபில்டரும் அதே வேலையைச் செய்யும்.

பழைய வால்வைத் தூக்கி எறியாமல் எடுத்து வாருங்கள். விளிம்பில் ஒரே இடத்தில் மட்டும் தின்றிருந்தால் வால்வுத் தண்டு ஓடும் கைடையும் சீட்டையும்தான் முதலில் பார்ப்பேன்.