ஜுஹுவில் சுறா வருமா, அண்ணா?

மே மாத விடுமுறை தொடங்கியதும் மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் தமிழ்க் குடும்பங்கள் கூடுவது வழக்கம். இந்த முறை பேச்சு சுறாவில் போய் மாட்டிக்கொண்டது. எந்த நாட்டிலோ எடுத்த சுறா வீடியோவை நம்ம மும்பை ஜுஹு கடற்கரை என்று சொல்லி யாரோ வாட்ஸப்பில் தட்டிவிட, பிள்ளைகளுக்குக் கடல் என்றாலே நடுக்கம். நான் தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கும் குடும்பத்தில் பிறந்தவன். 30 வருடமாக மும்பையில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் கேள்விச் சீட்டுகளை எல்லாம் என் மடியில் கொட்டிவிட்டார்கள். அன்று சொன்னதை எழுதித் தரச் சொன்னதால் இது.

ஜுஹுவில் சுறா இருக்கா, இல்லையா? (ஆறாம் வகுப்புப் பையன்)

கடல் இருந்தால் சுறாவும் இருக்கும்டா. விடியற்காலை சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் கூடை கூடையாகப் பார்க்கலாம். மராத்தியில் முஷி என்பார்கள். இந்தக் கரையில் அதிகம் அகப்படுவது முக்கால் மீட்டர்கூட வளராத சின்ன ஜாதி. நீ பிறந்தபோது உன் பாட்டி ஊரிலிருந்து வந்து உன் அம்மாவுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுத்திருப்பார், கேட்டுப் பார். சுறா நம்மைத் தின்றதைவிட நாம் சுறாவைத் தின்றதுதான் அதிகம்.

ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2024 பிப்ரவரியில் பால்கர் மாவட்டத்தில், மனோர் பக்கம் வைதரணா ஆற்றில் மீன்பிடிக்க இறங்கிய இளைஞரின் காலைச் சுறா கடித்துக் குதறிவிட்டது. அது காளைச் சுறா. உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் இரண்டிலும் அது இருக்கும். கழிமுகம் வழியாக ஆற்றுக்குள் ஏறி வரும். அதனால் குளிக்கக் கூடாத இடம் எது என்று கேட்டால், ஜுஹுவுக்கு முன்னால் கலங்கிய கழிமுகங்களைத்தான் சொல்வேன். ஜுஹுவில் சுறா யாரையும் கடித்ததாக இத்தனை வருடத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

உலகம் முழுக்க வருடத்துக்கு எத்தனை பேரைக் கடிக்கிறது, சார்? (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி)

அமெரிக்காவில் ஃப்ளோரிடா அருங்காட்சியகம் இதற்கென்றே கணக்கு வைத்திருக்கிறது. மனிதர் சீண்டாமல் சுறா தானாக வந்து கடித்தவை 2023-ல் 69, 2024-ல் 47. உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். ஆட்களைக் கொல்லும் கடிகளில் பெரும்பாலானவை மூன்று ஜாதிகளின் வேலை: பெரிய வெள்ளைச் சுறா, புலிச் சுறா, அப்புறம் இந்தக் காளைச் சுறா. "தேங்காய் விழுந்து சாகிறவர்கள் இதைவிட அதிகம்" என்று ஒரு கணக்கு சுற்றுகிறதே, அதை நான் சொல்வதில்லை. அந்தத் தேங்காயை யாரும் ஒழுங்காக எண்ணியதாகத் தெரியவில்லை.

மாதவிலக்கு நாளில் கடலில் இறங்கினால் சுறா மோப்பம் பிடிக்குமா? (கேட்பவர் பெயர் வேண்டாம் என்று எழுதியிருந்தது)

வெட்கப்பட வேண்டிய கேள்வி இல்லை, தங்கச்சி. அந்த நாட்களில் கடி அதிகம் என்று எந்தக் கணக்கும் காட்டவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தை ஒரு மைல் தூரத்திலிருந்து மோப்பம் பிடிக்கும் என்பதெல்லாம் கட்டுக்கதை. தண்ணீரில் கரைந்த வாசனை நீரோட்டத்தோடுதான் போய்ச் சேரும். உங்களுக்கு வசதியாக இருந்தால் குளியுங்கள்.

கழற்றிவைக்க வேண்டியது பளபளக்கும் நகையை. கலங்கிய தண்ணீரில் மின்னுவது மீன் செதில் மாதிரி தெரியும். சுறா வராவிட்டாலும் அலை சங்கிலியைக் கொண்டுபோகும். அது நடந்து நானே பார்த்திருக்கிறேன்.

எங்க காலத்துல மந்திரம் போட்டுச் சுறா வாயைக் கட்டுவாங்கன்னு சொல்வாங்களே, தம்பி? (எண்பது வயது ஆச்சி)

உண்மைதான், ஆச்சி. கடல்கட்டி என்று பேர். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டி கரையில் நின்று மந்திரம் சொல்லாமல் ஆள் இறங்க மாட்டான். 13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவே இதை எழுதிவைத்திருக்கிறார். வெள்ளைக்காரன் ஆட்சியிலும் அவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். மந்திரத்தை நம்பி இல்லை. அவர் இல்லாவிட்டால் குளியாட்கள் இறங்க மாட்டார்கள் என்பதால். என் அப்பா காலத்தில் மந்திரம் போய்விட்டது. அவர் சொன்ன பாடம் ஒன்றுதான்: "சுறாவைப் பார்த்தா முதுகைக் காட்டாதே, தண்ணியை அடிக்காதே." இன்றைக்கு நிபுணர்கள் சொல்வதும் அதேதான். கண்ணை அதன்மேல் வைத்தபடியே மெதுவாகப் பின்வாங்க வேண்டும். பிடித்தேவிட்டால் கண்ணிலும் செவுளிலும் குத்த வேண்டும். கரைக்கு வந்ததும் காயத்தை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை.

மகன் சிட்னியில். தினமும் கடலுக்குப் போகிறான். எனக்குத் தூக்கமில்லை. (மாதுங்கா அம்மா)

2022 பிப்ரவரியில் சிட்னி லிட்டில் பேயில் நீந்தியவர் சுறாவால் இறந்தார். அந்த நகரத்தில் அதற்கு முந்தைய சாவு கிட்டத்தட்ட 60 வருடத்துக்கு முன்னால். மகனிடம் இரண்டு சொல்லுங்கள் அம்மா: சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளிக்கட்டும், விடியலிலும் அந்தியிலும் தனியாக நீந்த வேண்டாம். அப்புறம் தூங்குங்கள்.

சுறாவுக்குப் பயப்பட வேண்டாம் என்றால் மும்பையில் எதற்குத்தான் பயப்படுவது? (சயான், ஐடி ஊழியர்)

இதைக் கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். கடல்நீர் ஏற்றத்துக்குப் பயப்படுங்கள். மராத்தியில் பர்தி; வற்றம் ஓஹோட்டி.

நம்மில் பலர் மெரினாவிலோ திருச்செந்தூரிலோ கடலைப் பழகியவர்கள். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். அலை பெரிதாக அடிக்கும், பார்த்தாலே பயம் வரும். மும்பைக் கடல் சாது மாதிரி கிடக்கும். ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே நீர் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஹாஜி அலி தர்காவுக்கு நடந்து போகிற பாதை ஏற்றத்தில் முங்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்தானே?

ஏற்றம் சீராகவும் வருவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் முதல் மணியில் 1 பங்கு, அடுத்ததில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு 2, கடைசியில் 1. மாலுமிகளின் பழைய கணக்கு இது. 4 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றாவது மணியில் மட்டும் 1 மீட்டர். கணுக்காலில் இருந்த தண்ணீர் ஒரு மணி நேரத்தில் இடுப்புக்கு மேல்.

1995-ல் நான் இங்கே வந்த புதிது. கடல்காரன் மகன் என்கிற திமிர் வேறு. அக்ஸா கடற்கரையில் வற்றத்தில் தூரமாக நடந்துபோய் ஒரு மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கடல் அப்படியேதான் இருந்தது. எதற்கோ திரும்பிப் பார்த்தால் கரைக்கும் எனக்கும் நடுவே ஒரு வாய்க்கால், அதில் என் செருப்பு ஒன்று மிதந்து போகிறது. தண்ணீர் முன்னால் இருந்து வரவில்லை. பள்ளத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் வந்திருந்தது. வரும்போது முழங்காலும் நனையாத இடம், போகும்போது நெஞ்சளவு. கரையேறி மூச்சு வாங்கியபோது வலைக்காரப் பெண்மணி ஒருத்தி மராத்தியில் திட்டினாள். மொழி புரியவில்லை, விஷயம் புரிந்தது.

ஆடி அமாவாசைக்குக் கடலில் தர்ப்பணம் கொடுக்கலாமா? (முலுண்ட், மாமா ஒருவர்)

கரையில் கொடுங்கள் மாமா, நல்லது. எந்த நேரம் என்பதில்தான் விஷயம். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றத்தின் உச்சம் நண்பகலை ஒட்டி, நள்ளிரவை ஒட்டி. வற்றம் காலை ஆறு மணி வாக்கில், மாலை ஆறு மணி வாக்கில். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆக, ஆடி அமாவாசையன்று நிதானமாகக் காப்பி குடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கடலில் இறங்குகிறவர், நீர் மிக வேகமாக ஏறும் நேரத்தில் இறங்குகிறார். அதற்கு மேல் தென்மேற்குப் பருவக்காற்று. முழுக்குப் போட வேண்டுமென்றால் சொம்பில் முகந்து தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள். முன்னோர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டில் தினசரி காலண்டரில் திதி இருக்கிறது. நல்ல நேரம் பார்க்கிற கண்ணால் அதையும் பாருங்கள். மாநகராட்சியும் மழைக்காலத்தில் ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் நாட்களை வருடா வருடம் முன்கூட்டியே அறிவிக்கிறது.

நல்லா நீச்சல் தெரிந்தவனையும் கடல் இழுக்குமே, அது எப்படி? (செம்பூர், கல்லூரி மாணவர்)

கரையில் மோதிய அலைத்தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். ஒரு குறுகிய பாதையில் சேர்ந்து கடலை நோக்கி ஓடும். இதைத்தான் ரிப் கரன்ட் என்கிறார்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடையும்போது நடுவே ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கருமையாக இருக்கும். பழக்கமில்லாதவர் "அங்கேதான் அலை இல்லை" என்று நேராக அதில் போய் இறங்குவார். வேகம் பிடித்தால் ஒலிம்பிக் வீரரே எதிர்த்து நீந்த முடியாது. அது ஆளை அடியில் அமுக்காது, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். கரையைப் பார்த்து நீந்துகிறவன் களைத்துப்போய்ச் சாகிறான். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கி ஆளைக் கூப்பிட வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் குஜராத்தைப் பார்த்துப் போனது. மும்பைக்கு வரவே இல்லை. ஆனாலும் அந்த வாரம் ஜுஹுவில் இறங்கிய சிறுவர்களை அலை கொண்டுபோனது. புயல் எங்கே என்று பார்க்காதீர்கள். உயிர்காப்பாளர் சிவப்புக் கொடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டுப் பாறையும் இதே கதைதான். ஈரமாக இருக்கும் பாறைக்கு அலை ஏற்கெனவே ஒரு தடவை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அங்கே முதுகைக் கடலுக்குக் காட்டி செல்ஃபி வேண்டாம்.

கணபதி விசர்ஜனத்தில் ஏதோ கொட்டுகிறதாமே? (தாராவி, அக்கா)

திருக்கை, சொறிமீன் (ஜெல்லிமீன்) இரண்டும். 2013-ல் கிர்காவ் சௌபாட்டி கடற்கரையில் சிலை கரைக்க இறங்கிய பலரைத் திருக்கை குத்தியது. 2018 ஆகஸ்டில் ஜுஹுவில் புளூ பாட்டில் என்கிற நீலச் சொறி ஒதுங்கி நிறையப் பேர் அவதிப்பட்டார்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால்தான் குத்தும். அதனால் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதுவே விலகிவிடும். கம்பூட் போட்டால் இன்னும் நல்லது.

குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்தால் வலி இறங்கும். பக்கத்து டீக்கடையில் கேளுங்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி, முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் வேண்டும். வயிற்றிலோ நெஞ்சிலோ முள் நின்றால் பிடுங்காதீர்கள். நீலச் சொறி பட்டால் கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டிய இழையை ஏதாவது அட்டையால் எடுத்துவிட்டு அதே சுடுதண்ணீர் வைத்தியம். மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். சிறுநீர் வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

அந்தமான் போகிறோம். அங்கே சுறா? (புதுமணத் தம்பதி)

முதலை. 2010-ல் ஹேவ்லாக் தீவில் ஓர் அமெரிக்கப் பயணியை உப்புநீர் முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் இறங்காதீர்கள். மற்றபடி வாழ்த்துகள்.

ஒருவர் மூழ்குவதைப் பார்த்தால் குதிக்கலாமா? (செம்பூர் அப்பா)

குதிக்காதீர்கள். மூழ்குகிறவர் சினிமாவில் மாதிரி கத்த மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, சத்தமே இல்லாமல் போவார். கிட்டே போனால் உங்கள் தோளில் ஏறி உங்களை அமுக்குவார். மூடி இறுக்கிய காலி ஐந்து லிட்டர் கேனை எறியுங்கள். வேட்டியோ துப்பட்டாவோ நீட்டுங்கள். ஒருவர் உயிர்காப்பாளரைக் கூப்பிடட்டும், ஒருவர் 112-க்கோ 108-க்கோ அடிக்கட்டும்.

வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் நம்மூர் பழக்கம். அதில்தான் நேரம் போகிறது. மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்று, பிறகு 30 தடவை மார்பை அழுத்தி 2 மூச்சு என்று உதவி வரும் வரை விடாமல் செய்ய வேண்டும். பிழைத்து எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அப்போ ஞாயிற்றுக்கிழமை ஜுஹு போலாமா, வேணாமா? (அதே ஆறாம் வகுப்பு)

காலண்டரைப் பார்த்துவிட்டேன், அன்று சப்தமி, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில். ஏற்றம் சிறியது. காலை ஏழு மணிக்குக் கிளம்பலாம். உயிர்காப்பாளர் நிற்கும் இடத்துக்கு முன்னால், கணுக்கால் வரைக்கும்தான். நான் உன் கையைப் பிடித்திருப்பேன். சுறா வந்தால் உன் பாட்டியிடம் கொடுத்துவிடலாம், புட்டுக்கு ஆகும்.