சொந்தமா ஒரு கோட் ஆஃப் ஆர்ம்ஸ்: கேட்டவங்களுக்குப் பதில்

கேள்வி: நான் வக்கீல், ஊர் தூத்துக்குடி. எனக்குன்னு ஒரு கோட் ஆஃப் ஆர்ம்ஸ், அதாவது கேடயத்துல வரையற சின்னம், போட்டுப் பாத்தேன். கேடயத்தை நாலு கட்டமா பிரிச்சு தராசு, கப்பல், முத்து, சிங்கம், நடுவுல புத்தகம், தாமரை. சரியா வருமா?

பதில்: நாலு கட்டத்தை முதல்ல அழிச்சிடுங்க. பெரும்பாலும் கல்யாணம், வாரிசுன்னு ரெண்டு குடும்பத்துச் சின்னம் ஒண்ணா சேரும்போதுதான் கேடயம் அப்படிப் பிரியும், புதுசா தொடங்குறவருக்கு அது வேண்டியதே இல்ல. ஹெல்மெட்டுக்குள்ள முகம் மறைஞ்ச ஆளை தூரத்துலயே இன்னார்னு கண்டுபிடிக்க உதவின கலைங்க இது, வாழ்க்கை வரலாறு எழுதுற இடம் இல்ல.

ஷேக்ஸ்பியர் குடும்பத்து ஆர்ம்ஸைப் பாருங்க. 1596ல அவர் அப்பா ஜான் பேர்ல எழுதினது. தங்க நிறக் கேடயம், சாய்வா ஒரு கருப்புப் பட்டை, அந்தப் பட்டை மேல ஒரு ஈட்டி. அவ்வளவுதான். பேர்ல ஸ்பியர் இருக்கு, அதனால ஈட்டி. நாடக மேடையும் இல்ல, இறகுப் பேனாவும் இல்ல. 1602ல ரால்ஃப் ப்ரூக்ங்கிற ஹெரால்ட் (இந்தச் சின்னங்களைக் கவனிக்கற அதிகாரி), இது ஏற்கனவே ஒரு பிரபு குடும்பம் வச்சிருக்கற கருப்புப் பட்டை மாதிரியே இருக்குன்னு சண்டைக்கு வந்தாரு. பட்டை மேல ஈட்டி இருக்கே, அதுவே வித்தியாசம்னு பதில் சொன்னாங்க. ஒரே ஒரு பொருளை சரியா வச்சா அவ்வளவு வேலை செய்யும்.

உங்களுக்கு நான் சொல்றது: நீலக் கேடயம், அதுல வெள்ளித் தராசு, ரெண்டு தட்டுலயும் ஒவ்வொரு முத்து. தொழிலும் ஊரும் வந்தாச்சு. மத்ததெல்லாம் வேண்டாம்.

கேள்வி: சிவப்புன்னா வீரம், நீலம்னா விசுவாசம்னு ஒரு சார்ட் பார்த்தேன். அதை வச்சு கலர் எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீங்க. அந்த சார்ட்டெல்லாம் பிற்காலத்துல எழுதிச் சேர்த்தது, இடைக்காலத்துல எல்லாரும் ஒத்துக்கிட்ட அகராதின்னு ஒண்ணு கிடையாது. ஆனா கலருக்கு நிஜமான விதி ஒண்ணு இருக்கு. தங்கமும் வெள்ளியும், அதாவது மஞ்சளும் வெள்ளையும், உலோகம். சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை, ஊதா இதெல்லாம் நிறம். உலோகத்து மேல உலோகம் கூடாது, நிறத்து மேல நிறம் கூடாது. காரணம் வெறும் கண் பார்வைதான், கருநீலத்துல கருப்பு வச்சா பத்தடி தள்ளி நின்னா ஒண்ணும் தெரியாது.

கேள்வி: ஜெருசலேம் ராஜ்ஜியத்து சின்னத்துல வெள்ளி மேல தங்கச் சிலுவை இருக்கே?

பதில்: இருக்கு. விதியை மீறினதாலதான் அது இன்னிக்கும் பேசப்படுது. நீங்க மீற வேண்டாம்.

கேள்வி: என் சர்நேம் டிசோசா. ஒரு சைட்ல குடும்பச் சின்னம்னு ஃப்ரேம் போட்டு விக்கிறாங்க, வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க. இங்கிலாந்து வழக்கத்துல ஆர்ம்ஸ் ஒரு ஆளுக்கும் அவரோட வாரிசுக்கும் சொந்தம், சர்நேமுக்கு இல்ல. அதே பேர் வச்ச இன்னொருத்தரோட சின்னத்தை உங்ககிட்ட விக்கிறாங்க. ஐரோப்பாவுல நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும்தான், ஆனா பேர் ஒண்ணா இருக்கறதாலயே எந்த உரிமையும் வந்துடாது.

கேள்வி: நான் புலி வைக்கப் போறேன். ஐரோப்பாக்காரன் சிங்கம் வரையறதுக்கு முன்னாடியே சோழனுக்கு கோட் ஆஃப் ஆர்ம்ஸ் இருந்துச்சே, அதை ஏன் யாரும் சொல்றதில்ல?

பதில்: புலி தாராளமா வைங்க. ஆனா ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க. சோழர் புலி அரச வம்சத்து இலச்சினை. ஹெரால்ட்ரிங்கிறது தனி ஆளுக்கு ஒரு கேடயம், அது வாரிசுக்குப் போற முறை. பிரான்ஸ்ல ஆஞ்சூங்கிற பகுதியோட பிரபு ஜெஃப்ரி 1151ல செத்தாரு, அவர் நினைவு எனாமல் தகட்டுல நீலக் கேடயத்துல தங்கச் சிங்கங்கள் இருக்கு, அவர் பேரன் வில்லியமோட கல்லறையிலயும், இங்கிலாந்து சாலிஸ்பரில, அதே சிங்கங்கள்தான். அந்தத் தொடர்ச்சிதான் விஷயம்.

கேள்வி (அதே நபர்): வம்சம்னாலே வாரிசுதானே சார்? ராஜேந்திரனோட திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரைல புலி, பக்கத்துல ரெண்டு மீன், வில்லு. அப்பன் சின்னம் பிள்ளைக்கு வந்திருக்கே!

பதில்: நல்லா கேட்டீங்க, இதுல உங்க பக்கம் நியாயம் இருக்கு. புலியோட பாண்டியன் மீனையும் சேரன் வில்லையும் சேர்த்து வைக்கிறது "இவங்களும் எனக்குக் கீழ"ன்னு சொல்ற வேலை. 1340ல இங்கிலாந்து ராஜா மூணாம் எட்வர்ட் ஃபிரான்ஸ் எனக்குத்தான்னு சொல்லி பிரெஞ்சு லில்லிப் பூவை தன் கேடயத்துல சேர்த்தாரே, எண்ணம் அதேதான், அந்தப் பூ இங்கிலாந்து ராஜா சின்னத்துல இருந்து போனது 1801லதான். ராஜேந்திரன் அவருக்கு முந்நூறு வருஷம் முன்னாடி. ஆனா சோழ நாட்டுல ஒரு தளபதியோ வணிகரோ ஆளுக்கொரு கேடயச் சின்னம் பதிவு பண்ணி, மூத்த பிள்ளை ஒரு அடையாளம், இளையவன் வேற அடையாளம்னு பிரிச்சு வச்சுக்கிட்டதுக்கு ஆதாரம் காட்டுங்க, நான் ஒத்துக்கறேன். அது இல்லாத வரைக்கும் அது முத்திரைதான், முத்திரைன்னு சொல்றதால அதோட பெருமை ஒண்ணும் குறையல.

கேள்வி: நான் ராஜு. ராஜு குடும்பச் சின்னம் எங்க கிடைக்கும்?

பதில்: டிசோசாவுக்குச் சொன்னதுதான்.

கேள்வி: டொராண்டோல இருக்கோம், சிட்டிசன்ஷிப் வந்தாச்சு. முறைப்படி வாங்க முடியுமா?

பதில்: முடியும். கனடாவுக்கு 1988ல இருந்து சொந்த ஹெரால்டிக் அத்தாரிட்டி, அதாவது ஆர்ம்ஸ் கொடுக்கற அரசு அமைப்பு, இருக்கு, ஆட்டவாவுல, நேரா அங்கயே மனு போடுங்க. அங்க பொண்ணுக்கும் பையனுக்கும் ஒரே வாரிசு உரிமை. இந்தியாவுல இந்த மாதிரி தனி ஆளுக்குக் கொடுக்கற அமைப்பு இல்ல, நீங்களே டிசைன் பண்ணி வச்சுக்கலாம், ஆனா அசோகத் தூண் சிங்கம் மட்டும் வேண்டாம், 2005 சட்டப்படி தப்பு. ஸ்காட்லாந்து இன்னும் கறார், லார்ட் லயன் கோர்ட்ல (ஆர்ம்ஸுக்குன்னே இருக்கற கோர்ட்) பதிவு இல்லாம ஆர்ம்ஸ் போட்டா குற்றம்.

கேள்வி: பச்சைக்கு என்ன அர்த்தம்?

பதில்: சார்ட் பத்தி மேல எழுதினதை தயவுசெஞ்சு படிங்க.

கேள்வி: சிங்கம் எந்தப் பக்கம் பாக்கணும்?

பதில்: கேடயம் பிடிச்சிருக்கறவரோட வலது, பாக்கறவங்களுக்கு இடது.

கேள்வி: தேவர் குடும்பத்துக்கு சர்நேம் சின்னம்...

பதில்: இல்ல. எந்த சர்நேமுக்கும் இல்ல. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: ஆர்ட்டிஸ்ட் ரெண்டு பேர் ரெண்டு விதமா வரைஞ்சு தந்திருக்காங்க. எது ஒரிஜினல்?

பதில்: ரெண்டும்தான். ஆர்ம்ஸ்ங்கிறது படம் இல்ல, அதை வர்ணிக்கிற வாசகம், பிளேசன்னு சொல்லுவாங்க. "நீலக் கேடயத்தில் வெள்ளித் தராசு, தட்டுக்கு ஒரு முத்து", இந்த வாசகம் மாறாத வரைக்கும் தராசு குட்டையா நெட்டையாங்கறது வரையறவரோட கை. அதனால படத்துக்குக் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி வாசகத்தை எழுதுங்க, வெறும் அதை மட்டும் இன்னொருத்தர்கிட்ட கொடுத்து வரையச் சொல்லுங்க, வந்தது உங்க சின்னமாத் தெரியலன்னா வாசகத்தைத் திருத்துங்க.