சாமியாட்டமும் சடங்கும் படிக்க ஆசைப்படும் மகள்: பெற்றோருக்கு ஒரு மானுடவியல் வழிகாட்டி

பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிற மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு, சாமியாட்டம், செய்வினை, சடங்கு பற்றிப் படிக்கப் போகிறேன் என்று மகள் சொன்னால் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். இதைப் படித்துப் பிள்ளையின் புத்தி எங்கே போகும்? இதைப் படித்தால் சோறு கிடைக்குமா? இரண்டும் நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்கு இன்றே விடை சொல்லிவிடலாம். இரண்டாவதற்கான விடை, அவள் எந்தத் துறையில் சேர்கிறாள், படிக்கும் காலத்தில் கையில் என்ன வேலையைச் சேர்த்து வைக்கிறாள் என்பதைப் பொறுத்தது.

இதையெல்லாம் படிக்கும் துறை மானுடவியல், அதாவது மனிதரையும் அவர்களின் சமூகங்களையும் ஆராயும் படிப்பு. அந்த வகுப்பில் மாந்திரீகம் கற்றுத் தருவதில்லை. சாமி உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதுமில்லை. இவான்ஸ்-பிரிச்சர்ட் என்ற பிரிட்டிஷ் மானுடவியலாளர் 1920களின் பிற்பகுதியில் தெற்குச் சூடானில் அசாண்டே மக்களிடையே களப்பணி செய்தார். அங்கே வெயிலுக்கு ஒதுங்கி ஆட்கள் தானியக் குதிரின் நிழலில் உட்காருவார்கள். சில சமயம் குதிர் சரிந்து மேலே விழும். கரையான் கால்களை அரித்ததால்தான் சரிந்தது என்பது அசாண்டேக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இன்ன ஆள் அடியில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஏன் விழுந்தது? அந்தக் கேள்விக்கு அவர்கள் தரும் விடைதான் சூனியம். மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். யார் மேல் சந்தேகம் விழுகிறது, கோழிக்கு நஞ்சு கொடுத்து அதை எப்படி உறுதி செய்கிறார்கள், அதற்குப் பிறகு அண்டை அயலார் பகை எப்படித் தணிகிறது என்று தொடர்ந்து போனதால், அந்தச் சமூகம் குற்றத்தையும் பழியையும் கையாளும் முறையே வெளிச்சத்துக்கு வந்தது. உங்கள் மகள் கற்கப்போவது இப்படிப் பார்க்கும், கேட்கும், எழுதும் முறையை. பக்தியுள்ள பிள்ளையும் இதை நன்றாகச் செய்யலாம், நம்பிக்கை இல்லாத பிள்ளையும் செய்யலாம். கிண்டல் செய்யும் பிள்ளைக்கு மட்டும் இந்தப் படிப்பு வராது.

இந்த அறிவு உயிர் காத்த இடங்கள் உண்டு. 2014 முதல் 2016 வரை கினி, சியரா லியோன், லைபீரியா நாடுகளில் எபோலா பரவி 11,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர் உடலைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்பும் வழக்கத்தால் தொற்று பரவியது. பாதுகாப்பு உடை அணிந்த குழுக்கள் வந்து உடலைப் பையில் கட்டி எடுத்துப் போனபோது குடும்பங்கள் சாவை மறைத்தன. இரவில் தாங்களே புதைத்தன. மானுடவியலாளர்களும் மதத் தலைவர்களும் உட்கார்ந்து பேசிய பிறகு, 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் ‘பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்’ என்ற நடைமுறையை வெளியிட்டது. குடும்பத்தார் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், முஸ்லிம் இறந்தவருக்குத் தண்ணீர் இல்லாத தூய்மைச் சடங்கைக் கவசம் அணிந்தவர் செய்யலாம். சடங்கில் எதை விட்டுக்கொடுக்க முடியும், எதை முடியாது என்று பிரித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்ட வேலை அது.

நம் நாட்டிலும் இதற்கு நேரான சான்று இருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வருவதாக இருந்தது. அந்த மலையை டோங்ரியா கோந்து என்ற பழங்குடி மக்கள் தங்கள் தெய்வமான நியமராஜாவின் இருப்பிடமாக வணங்குகிறார்கள். அவர்களின் மத உரிமையைக் கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் இடுகாடும் வழிபாட்டிடமும் அந்த மக்கள் அங்கே நெடுங்காலமாக வாழ்வதற்கான சான்றாக ஏற்கப்படுகின்றன. எந்தப் பாறைக்கு எந்தக் குலம் எந்த மாதம் பொங்கலிடுகிறது என்று முறையாகப் பதிவு செய்யத் தெரிந்தவருக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது.

இனி சம்பளம். ‘மத மானுடவியலாளர்’ என்று ஒரு பதவி எந்த விளம்பரத்திலும் வராது. மகளிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள். பட்டம் மானுடவியலில் இருக்கும்; மதமும் சடங்கும் அதற்குள் அவள் ஆழமாகப் போகும் பகுதி. 1945-இல் தொடங்கிய இந்திய மானுடவியல் ஆய்வகம் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டது. தென்னிந்திய மையம் மைசூருவில். அதன் அறிவியல் பதவிகளுக்கு யுபிஎஸ்சி வழியாக ஆள் எடுக்கிறார்கள், ஆனால் அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். அதை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் மானுடவியல் பிரிவு உண்டு, உதகை அருகே முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் உண்டு. இங்கெல்லாம் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2013 நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியதால் அந்த அறிக்கை எழுதும் நிறுவனங்களும், பொதுச் சுகாதார, பழங்குடி நலத் தொண்டு நிறுவனங்களும், பயனர் ஆய்வு செய்யும் மென்பொருள் நிறுவனங்களும் களப்பணி தெரிந்தவர்களைத் தேடுகின்றன. பட்டத்தை மட்டும் காட்டினால் அவர்கள் எடுக்க மாட்டார்கள். கூடவே ஒரு கைத்திறன் வேண்டும்: கோபோ டூல்பாக்ஸில் கேள்விப் படிவம் அமைப்பது, க்யூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடம் போடுவது, ஆங்கிலத்தில் பத்துப் பக்க அறிக்கையைப் பிழையில்லாமல் எழுதுவது. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு வந்தால் வேலை தேடும் காலம் குறையும்.

ஆராய்ச்சி வழியில் முதல் உறுதியான பணம் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. அதற்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் மூன்று மணி நேரம், 150 கேள்விகள், 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். இது 2023 ஜனவரி முதல் உள்ள தொகை. வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. சடங்கில் ஆசை வைத்துச் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மானுடவியல் நெட் பாடத்திட்டத்தில் மனிதப் பரிணாமம், மரபியல், தொல் கருவிகள் எல்லாம் வரும். எலும்பும் டிஎன்ஏவும் எனக்கு எதற்கு என்று முதுகலையில் அந்தத் தாள்களை ஒப்பேற்றியவர்கள் நெட்டில் பின்தங்கிவிடுகிறார்கள். அவற்றில் மனமே ஒட்டாத பிள்ளைக்குச் சமூகவியல் பொருந்தும். சமூக மானுடவியலின் பெரும்பகுதி நம் நாட்டில் சமூகவியல் துறைகளிலும் கற்பிக்கப்படுகிறது. கல்லூரி ஆசிரியர் இடங்களும் அங்கே அதிகம்.

குடிமைப் பணித் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இந்தப் படிப்பு வீணாகாது. முதன்மை எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு 500. மானுடவியல் முதல் தாளின் ஐந்தாம் அலகு முழுக்க மதம்தான்: ஆவி வழிபாடு, குலக்குறி, தொன்மம், சடங்கு, மதத்துக்கும் மாந்திரீகத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள வேறுபாடு, பூசாரி முதல் சூனியக்காரர் வரை. ஆனால் விருப்பப் பாடமாக எடுக்க அதில் பட்டம் தேவையே இல்லை. தேர்வுக்காக மட்டும் முதுகலையில் சேர வேண்டாம்.

எங்கே படிப்பது? இளநிலையில் மானுடவியல் தனிப் பாடமாகக் கிடைக்கும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. சமூகவியல், வரலாறு, உளவியல், தமிழ் ஆகியவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு முதுகலையில் மாறலாம். பல துறைகள் எந்தப் பட்டத்தையும் ஏற்கின்றன, ஆனால் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லி, 1920 முதல் இந்தப் பாடத்தை நடத்தும் கல்கத்தா ஆகியவை கவனிக்கத்தக்கவை. புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லிக்கு சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுகலைப் பிரிவை எழுத வேண்டும். நாட்டார் வழக்காற்றில் ஆர்வம் அதிகம் என்றால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியையும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையும் விசாரியுங்கள். வீட்டை விட்டு நகர முடியாத நிலையில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) தொலைநிலை முதுகலை இருக்கிறது.

துறையின் பெயரைவிட முக்கியம் அங்கே மாணவரைக் களத்துக்கு அனுப்புகிறார்களா என்பது. சேரும் முன் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேட்கச் சொல்லுங்கள்: களத்தில் எத்தனை நாள் தங்கினீர்கள், களக்குறிப்பேட்டை ஆசிரியர் வாசித்துத் திருத்தினாரா, செலவு யார் கொடுத்தார்கள்? மூன்று வாரத்துக்குக் குறைவாகத் தங்கவைத்து, கேள்வித்தாளை நிரப்பி வாங்கும் துறையாக இருந்தால் யோசியுங்கள்.

பட்டம் முடியும்போது மகள் கையில் அவளே முழுமையாகப் பதிவு செய்த ஒரு சடங்காவது இருக்க வேண்டும். நேர்காணலில் அதைத்தான் பேசுவார்கள். மஞ்சள் நீராட்டு தொடங்குவதற்கு ஏற்றது, ஏனென்றால் அதற்கு இணையான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் மானுடவியலாளர் விக்டர் டர்னர், இன்றைய ஜாம்பியாவில் இண்டெம்பு மக்களின் பூப்புச் சடங்கைப் பார்த்தார். பால் வடியும் ஒரு மரத்தடியில் பெண்ணைப் படுக்க வைப்பார்கள். கேட்டால், அந்த வெள்ளைப் பால் தாய்ப்பால், மரம் தாய்க்கும் மகளுக்கும் உள்ள பந்தம், தாய்வழிக் குலத்தின் ஒற்றுமை என்றார்கள். ஆனால் நடந்ததைக் கவனித்தால் வேறு ஒன்று தெரிந்தது. பெண்கள் மரத்தைச் சுற்றி ஆடி ஆண்களை ஏசினார்கள். அந்த ஆட்டத்தில் பெண்ணின் தாயைச் சேர்க்கவில்லை. ஒரு கரண்டி மரவள்ளிக் கூழும் பயறும் யார் கைக்கு வருவது என்று வெவ்வேறு ஊர்ப் பெண்களுக்குள் போட்டி நடந்தது. வாய் ஒற்றுமையைச் சொன்னது, சடங்கு பிளவுகளைக் காட்டியது. ஆகவே மக்கள் தரும் விளக்கம், அந்தப் பொருளை வைத்து அவர்கள் செய்யும் செயல், மற்ற பொருள்களோடு அதற்குள்ள தொடர்பு என்று மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும் என்றார் டர்னர்.

நம் வீட்டுச் சடங்கிலும் இதைச் செய்து பார்க்கலாம். தாய்மாமன் சீர் உறவைப் பலப்படுத்துகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அதை ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, சீர்த்தட்டுகள் எத்தனை, எந்த மாமன் தட்டு முன்னால் வந்தது, பச்சை ஓலையில் குடிசை கட்டியவர் யார், கணவனை இழந்த அத்தை எங்கே நின்றார், பதாகையில் யார் பெயர் விடுபட்டது, மொய் நோட்டை யார் பிடித்தார் என்று பார்க்க வேண்டும். இடத்தின் படம் ஒன்றைக் கையால் வரைந்து ஆட்கள் நிற்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நேரம் போட்டு நடப்பதை எழுத வேண்டும். முந்தின நாள் ஏற்பாடும், முடிந்த பின் பாத்திரம் கழுவும் நேரமும் சடங்கில் சேரும். பேச்சு தாராளமாக வருவது அப்போதுதான். குறிப்பை அன்றிரவே விரித்து எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் போனால் யார் எந்த வரிசையில் வந்தார்கள் என்பது மறந்துபோகும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். அதனால் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பதிவுகள் குவியும், வேலை முடியாது. கைபேசியில் காணொளி எடுக்கும் பிள்ளை திரைக்குள் இருப்பதை மட்டும் பார்க்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால் ‘பெரியவங்க செஞ்சாங்க, நாங்களும் செய்யிறோம்’ என்ற விடையோ, யூடியூபில் கேட்ட ஒரு விளக்கமோ வரும். இது இல்லாமல் நடத்தினால் என்ன ஆகும், யார் செய்யக் கூடாது, போன தடவை யார் செய்தார், இந்த முறை ஏன் மாறியது என்று கேட்டால் பேச்சு விரியும். ஒரே கேள்வியை நடத்துபவர், செலவு செய்பவர், சும்மா வந்தவர் என்று மூன்று பேரிடம் கேட்க வேண்டும். விடைகள் முரண்பட்டால் ஒன்றைச் சரி என்று தேர்ந்தெடுக்கக் கூடாது. முரணை அப்படியே எழுத வேண்டும்.

வீட்டுச் சடங்கு கைவந்த பிறகு ஊர்க்கோயில் கொடை விழாவுக்குப் போகலாம். நெல்லை, குமரிப் பக்கம் குடியழைப்பு, மதியக் கொடை, சாமக் கொடை என்று ஓர் இரவும் பகலும் தாண்டி நீளும். உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு போகட்டும், சாமக் கொடைக்கு இன்னொரு பெண் துணை இருக்கட்டும். கோயில் நிர்வாகத்தார், பூசாரி, சாமியாடி மூவரிடமும் முன்கூட்டியே தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டும். ஒருவர் சம்மதம் மற்றவர் சம்மதம் ஆகாது. சாமி வந்தவர் ஒரு குடும்பத்தின் சொத்துத் தகராறைப் பற்றிச் சொன்ன குறியைப் பெயரோடு எழுதினால் அந்தக் குடும்பத்துக்குக் கேடு; பெயரையும் ஊரையும் மாற்ற வேண்டும். பூப்புச் சடங்கில் பெற்றோர் அனுமதித்தாலும் அந்தச் சிறுமி வேண்டாம் என்றால் படம் எடுக்கக் கூடாது. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அந்தமானின் ஜாரவா, சென்டினல் பகுதிகளுக்கு 1956 முதல் ஒழுங்குமுறை இருக்கிறது. மாணவர் ஆசைக்கு அங்கே இடமில்லை.

வெளிநாட்டுப் படிப்பில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தை விசாரிக்கச் சொல்வேன். 1962-இல் தொடங்கிய தெற்காசிய நிறுவனம் அங்கே இருக்கிறது, தமிழும் கற்பிக்கிறார்கள், 2002 முதல் 2013 வரை சடங்குகளுக்கென்றே பெரிய ஆய்வுத் திட்டம் ஒன்று நடந்தது. ஹைடல்பர்க் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். விசாவுக்கு, மாதாமாதம் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். இது 2024 செப்டம்பர் முதல் உள்ள தொகை. பட்டியல் சாதி மாணவர்கள் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை நம்பித் திட்டம் போடுவதற்கு முன் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும்: 2022-23 வழிகாட்டுதலில் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த ஆய்வுத் தலைப்புகளுக்கு அந்த உதவித்தொகை இல்லை என்று வைத்துவிட்டார்கள். சுடலைமாடன் கொடையைப் பற்றி ஹைடல்பர்க்கில் ஆராய விரும்பும் பிள்ளையை நேராகத் தடுக்கும் விதி அது, வருந்தத்தக்கது. விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டுதலை முழுவதும் படித்துவிட்டு, விதி அப்படியே இருந்தால் பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்தொகைக்கும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் உதவித்தொகைக்கும் ஓராண்டு முன்பே விண்ணப்பத்தைத் தயார் செய்யத் தொடங்குங்கள்.