பிளம்பர் கேட்ட 4,200 ரூபாயும் அவருடைய கருவிப் பையும்

கேள்வி: கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறேன். குளியலறையில் ஆங்கிள் காக் (சுவர்க் குழாயில் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு) ஒழுகியதால் ஒரு பிளம்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். அரை மணி நேர வேலைக்கு டைல்ஸை உடைத்து, சாமானுக்கும் கூலிக்குமாக 4,200 ரூபாய் கேட்டார். ரசீது தரவில்லை, மரியாதையாகவும் பேசவில்லை. 2,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பாக்கியை விட்டுக்கொடுத்தால்தான் தருவேன் என்று அவருடைய கருவிப் பையை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தைப் போட்டு ‘இவன் கொள்ளைக்காரன்’ என்று எச்சரித்தேன். கொடுத்த பணத்தையும் நுகர்வோர் நீதிமன்றத்தில் திரும்பப் பெற முடியுமா?

பதில்: மேலே சுருக்கமாகத் தந்திருக்கும் உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வேலை தொடங்கும் முன் கூலி பேசப்பட்டதா? பேசப்படவில்லை. ‘வந்து பாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று நீங்களே சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(6)-இன்படி, விலை அதிகம் என்று புகார் செய்ய வேண்டுமானால், வாங்கிய தொகை சட்டம் நிர்ணயித்த விலையையோ, பொருளின் மீது அச்சிட்ட விலையையோ, காட்சிக்கு வைத்த விலைப்பட்டியலையோ, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகையையோ மீறியதாக இருக்க வேண்டும். தனியார் வீட்டில் குழாய் பழுது பார்க்க இவ்வளவுதான் வாங்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலை எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அது அரசுப் பணிகளுக்கானது, உங்கள் குளியலறையைக் கட்டுப்படுத்தாது. கூலி பேசாமல் வேலை வாங்கியவர் நியாயமான ஊதியம் தரக் கடமைப்பட்டவர் என்பதே இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவு 70-இன் சாரம்.

அந்த ஊதியம் எவ்வளவு என்பதிலும் நீங்கள் கடிதத்துடன் இணைத்த வாட்ஸ்அப் உரையாடலே உங்களுக்கு எதிராக நிற்கிறது. காலை 10.20-க்கு வந்தவர் 11.05-க்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறார்: பழைய காக்கின் பித்தளை மரை உடைந்து, சுவருக்குள் இருக்கும் எல்போவிலேயே (குழாயின் வளைவு இணைப்பு) சிக்கியிருக்கிறது. ‘டைல்ஸ் உடைக்கணும் சார், சரியா?’ என்று கேட்டிருக்கிறார். ‘சரி’ என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். வேலை முடிந்த படம் 2.10-க்கு வந்திருக்கிறது. இது அரை மணி நேர வேலை அல்ல என்று எந்த நுகர்வோர் ஆணையமும் (நீங்கள் சொல்லும் நுகர்வோர் நீதிமன்றம்) சொல்லும்.

உங்கள் பக்கம் உள்ள ஒரே வலுவான புள்ளி, புதிய காக்கின் அட்டைப்பெட்டி. அதில் எம்.ஆர்.பி. 640 ரூபாய், அவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் 950. அந்த 310 ரூபாயை நீங்கள் தர வேண்டியதில்லை. பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ரசீது தராதது முறையற்ற வணிக நடைமுறை என்று வாதிட இடமுண்டு. ஆனால் அதற்காக முழுப் பணமும் திரும்பி வராது. மரியாதைக் குறைவு வழக்காகாது.

இனி, என்னை உண்மையில் கவலைப்பட வைத்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பை உங்கள் வீட்டில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளில் உழைப்பையும் திறமையையும் செலுத்தியவருக்குத்தான், கூலி வரும்வரை அந்தப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமையைத் தருகிறது. வேலை வாங்கியவருக்கு அப்படி ஓர் உரிமை கிடையாது. பைப் ரிஞ்சும் டிரில்லிங் மெஷினும் அவருடைய அன்றாடப் பிழைப்பு. அவை இல்லாத ஒவ்வொரு நாளின் வருமான இழப்பையும் அவர் உங்களிடம் கேட்க முடியும். ‘பாக்கியை விட்டால்தான் பை’ என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கொடுத்திருக்கிறீர்கள். காவல் நிலையத்தில் அதை மிரட்டிப் பறித்தல் என்ற கோணத்தில் எழுதித் தர ஆள் கிடைப்பார். அந்தப் புகார் முடிவில் நிற்குமா என்பது வேறு. அதுவரை நிலையத்துக்கு நடக்கப் போவது நீங்கள். தச்சர் ஒருவரின் இழைப்புளியையும் ரம்பத்தையும் இதேபோல் பிடித்து வைத்து, வழக்கறிஞரான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர், காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான பதிவு ரசீது) போட்ட அன்றே பொருளைத் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் ‘ஒரு மெஷின் குறைகிறது’ என்ற அடுத்த புகாரில் மாட்டிக்கொண்டார். ஒப்படைக்கும்போது பட்டியல் எழுதாததே காரணம்.

வாட்ஸ்அப் பதிவும் சிறிய விஷயம் அல்ல. படத்துடன் ஒருவரைக் கொள்ளைக்காரன் என்று பலர் படிக்கும் இடத்தில் எழுதுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) பிரிவு 356-இன்கீழ் அவதூறு ஆகலாம். அதற்கு இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் தண்டனை உண்டு. இன்னொன்றையும் நேரடியாகவே கேட்கிறேன்: கோபத்தில் அவருடைய சாதியைச் சுட்டி, பிறர் காதுபட ஒரு சொல்லாவது சொன்னீர்களா? அவர் பட்டியல் சாதியினராக இருந்து, அப்படிச் சொல்லியிருந்தால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்துவிடும். அதன் பிரிவு 18 முன்ஜாமீனுக்குத் தடை விதிக்கிறது. சொல்லியிருந்தால் இந்தப் பதிலோடு நிற்காமல் உடனே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

மற்றபடி என் ஆலோசனை ராஜிதான். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் 310 ரூபாய்க்காக வாய்தா வாய்தாவாக அலைவதற்கு நான் யாருக்கும் மனு தயாரித்துத் தருவதில்லை. இங்கே எதிர்தரப்பின் பதில் மனுவில் முதல் வரியே உங்களிடம் இருக்கும் பையாகத்தான் இருக்கும்.

நாளைக் காலை குடியிருப்புச் சங்கச் செயலாளர் முன்னிலையில் பையைத் திறந்து, கருவிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுப் படமெடுத்து, அவரிடமே கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். பாக்கி 2,200-இல் 310-ஐக் கழித்து 1,890 ரூபாயை அங்கேயே ஜிபேயில் அனுப்பி, ‘கணக்கு முழுவதும் பைசல்’ என்று எழுதி வாங்குங்கள். 310-க்கு அவர் மறுத்தால், பெட்டியைக் காட்டிப் பேசிப் பாருங்கள். அதற்கும் ஒப்பவில்லை என்றால் அதையும் கொடுத்துவிடுங்கள். பைசல் எழுதி வாங்காமல் மட்டும் பணத்தை அனுப்ப வேண்டாம். குழுவில் போட்ட பதிவை நீக்கி, ‘பிரச்சினை பேசித் தீர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதுங்கள். நீக்கும் முன் உங்கள் கோப்புக்காக அதன் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.